கிராப்பு வீட்டுச் செம்பருத்தி

அந்தத் தெருவில் யாராவது வழி கேட்டால், "வாசல்ல ஒரு செடி கிராப்பு வெட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அதுக்கு அடுத்த வீடு" என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார். போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடியே இருக்கும். பழைய நீல டிரம் ஒன்றில், காது ஒதுக்கி, பிடரி மட்டம் பார்த்து, ஒரு இலை இன்னொரு இலையை முந்தாமல், இப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து வந்த ஆள் மாதிரி ஒரு செம்பருத்தி நிற்கும். பின்பக்கம் கண்ணாடி காட்டாத குறைதான்.

இன்னொரு குறையும் உண்டு. அது பூத்ததே இல்லை.

அந்த வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர். தெருவுக்கே அவர் பெயர் 'கிராப்பு'. அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் 'கிராப்பு வீட்டம்மா'. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிற வேலை அவளுக்கு. நோயாளிகளின் அங்கிக்கு நாடா வைப்பதும் அவள்தான். வயது ஏறிய பிறகும் கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோர்ப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் கோர்த்துத் தரச் சொல்லி ஊசியை நீட்டினால், பேசிக்கொண்டே கோர்த்துக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அந்தப் பிள்ளைக்கு நடை வரவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருந்த நாளை விட ரோட்டில் இருந்த நாள்தான் அதிகம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, பிள்ளையில்லாதவள், இவனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று பையோடு வந்துவிட்டாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். இவள்தான் தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கதவு மூலையில் போய் நின்றுகொண்டாள். பெரியம்மா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கடைசியில் வெறும் பையோடு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு தையல் மிஷின் காலில் ஒரு துணித்துண்டைக் கட்டி, மறுமுனையைத் தம்பியின் இடுப்பில் கட்டி, அவள் மிதிக்க அவன் தவழ, இப்படித்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது, என்னைக் கட்டுகிறவர் என் தம்பியையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வந்தவர்களெல்லாம் கை கழுவின ஈரம் காய்வதற்குள் எழுந்து போனார்கள். கிராப்பு மட்டும் உட்கார்ந்திருந்தார். பையனின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலை ஒண்ணு கூடுதலாக் கெடைக்குது. எனக்கென்ன நட்டம்?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் எந்தக் குறையைக் கண்டாலும் அவள் பாதியைக் கழித்துவிடுவாள்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஊருக்கு வெளியே ஒரு நர்சரியில் மண் கலக்கப் போனான். மண் கலக்கினவன் பதியன் போட்டான், பதியன் போட்டவன் ஒட்டுக் கட்டினான். கை வாகு அப்படி. அவன் கட்டின ஒட்டு பிசகாது என்று பெயர் வாங்கினான். கல்யாணம் ஆகி, ஒரு பெண்ணும் பிறந்து, பெண்டாட்டியைச் சீக்கிரம் பறிகொடுத்து, பெண்ணையும் வெளியூரில் கட்டிக் கொடுத்த பிறகு, அவனுக்கென்று மிஞ்சினது செம்பருத்தி ஒன்றுதான்.

செம்பருத்தியைக் கலப்புச் செய்வது மூக்குப்பொடி போடுகிற மாதிரி சின்ன வேலைதான். ஒரு பூவின் மகரந்தத் தூளை எடுத்து இன்னொரு பூவின் உச்சியில் தடவ வேண்டும். அவ்வளவே. காத்திருப்பதுதான் கஷ்டம். காய் பிடிக்க வேண்டும், முற்ற வேண்டும், விதை முளைக்க வேண்டும், முளைத்தது வருடக்கணக்கில் வளர்ந்து பூக்க வேண்டும். ஒரே காயில் வந்த விதைகள்கூட ஒன்றைப் போல் ஒன்று பூக்காது. அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு முகம். நூறு முளைத்தால் தொண்ணூற்றொன்பது குப்பைக்குத்தான். தம்பிக்கும் அப்படித்தான் போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும், ஒரு நாள் காலையில், ஆளையே அசத்திவிட்டது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தான். பால் கூடுதலாய் விட்ட தேநீர் நிறம், நடுவில் துருச் சிவப்பு, விளிம்பு முழுக்கச் சுருக்கு. "சின்ன வயசுல என் சட்டைக் கழுத்துக்கு நீ சுருக்கு வச்சு அடிப்பேல்ல அக்கா, அதே மாதிரி" என்றான்.

அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, உரமான நாட்டுச் செம்பருத்தி வேரில் ஒட்டுக் கட்டி, பிடித்ததும் ஒரு பெயின்ட் டப்பாவில் வைத்து அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். கொடுத்து வைத்ததும் நல்லதாய்ப் போயிற்று. அடுத்த மழைக்கு நர்சரியில் தண்ணீர் கட்டி, தாய்ச்செடி வேர் அழுகிப் போனது. உலகத்தில் அந்தப் பூவுக்கு மிஞ்சினது கிராப்பு வீட்டு வாசலில் இருந்த இந்த ஒற்றைச் செடிதான்.

கிராப்புக்கு மச்சினன் மேல் உயிர். மச்சினன் கொடுத்த செடியைச் சும்மா விடுவாரா? டப்பாவிலிருந்து டிரம்முக்கு மாற்றினார். கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் அதற்கு முறை வைத்தார். காலையில் எழுந்ததும் கடைப் போர்வைத் துணியை டிரம்மின் கழுத்தைச் சுற்றிக் கட்டுவார். தண்ணீர்க் குப்பியால் புஸ் புஸ் என்று அடித்து இலையை நனைப்பார். மாவுப்பூச்சி கண்டால் சவர பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்துத் தண்டுக்குத் தடவிக் கழுவிவிடுவார். அப்புறம் சீப்பு இல்லாத குறையாகக் கத்தரியை எடுத்து, துருத்திக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நுனியையும் நறுக் நறுக்கென்று எடுத்துவிடுவார். செடி அடர்ந்து, உருண்டு, தெருவே நின்று பார்க்கிற அழகாகிவிட்டது. எதிர்வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு. அவருடைய தலை வழுக்கை. "எனக்கு வெட்ட முடியாத வெறியை அந்தச் செடி மேல தீர்த்துக்குறீங்க" என்பார்.

பூ ஏன் வரவில்லை என்று தம்பி போனில் கேட்கும்போதெல்லாம், வரும் வரும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில்தான் கிராப்புக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர் தம்ளரில் தெரிந்தது. அப்புறம் சவரக் கத்தியில். கடையை அப்போது மகன் எடுத்து நடத்திக்கொண்டிருந்தான். சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, பாட்டு, எல்லாம் போட்டிருந்தான். ஒரு நாள் அப்பாவின் கத்தரி வாடிக்கையாளர் ஒருவரின் காதைக் கொஞ்சம் கிள்ளிவிட்டது. வந்தவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் பதற்றத்தில், அத்தனை பேர் இருந்த இடத்தில், "அப்பா, இனி நீங்க கத்தரியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டான். கெட்ட பையன் இல்லை. வாய் தவறி வந்த சொல். ஆனால் கொட்டின தண்ணீரை அள்ள முடியுமா? கண்ணாடிக்குக் கண்ணாடி அந்தச் சொல் திரும்பத் திரும்பத் தெரிந்த மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

அன்று அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார், கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்தார். மறுநாள் எப்போதும் போல் கடைக்குப் போனார். முடியைப் பெருக்கினார், துணியை உதறினார், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கத்தரியைத் தொடவில்லை. விடுமுறை நாள் வந்ததும்தான் அந்தக் கத்தரி உறையிலிருந்து வெளியே வந்தது. செடிக்கு. ஒரு தலைக்குத்தான் கையில் தெம்பு இருந்தது. அதற்கு மேல் விரல் தானாக ஆடும். அந்த ஒரு தலையும் செடியின் தலைதான்.

ஒருநாள் செடிக்கு வெட்டி முடித்த பிறகு, துணியில் கிடந்த தழையை அவள் உதறப் போனாள். விரலில் ஏதோ உருண்டது. பச்சைப் பொத்தான் மாதிரி, துணி போர்த்தித் தைத்த பொத்தான் மாதிரி ஒரு மணி. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து மெல்லப் பிரித்தாள். உள்ளே, சுருட்டி மடக்கி வைத்த துணிபோல, நகக்கண் அகலத்துக்கு இதழ். தேநீர் நிறம்.

தழையைக் கிளறினாள். இன்னும் சில மணிகள் கிடந்தன.

பூக்காத செடி இல்லை அது. வாராவாரம் நுனியில் மொட்டு கட்டியிருக்கிறது. வாராவாரம் மனுஷர் அதைப் பிசிறு என்று நினைத்து நறுக்கியிருக்கிறார். தலையில் கட்டுப்படாமல் நிற்கிற முடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, துருத்தி நிற்பதெல்லாம் வெட்ட வேண்டியதுதான். இதை வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்!

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. தழையை முந்தானையில் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளினாள்.

அந்த வாரமே தம்பியிடமிருந்து போன். நர்சரி நிலத்தை விற்றுவிட்டார்களாம். கட்டடம் வரப்போகிறது. இனி மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறான். மழைக்காலம் முடிந்ததும் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, வழியில் அக்கா வீட்டுக்கு ஒரு நடை வந்து, அந்தச் செடியிலிருந்து நாலு குச்சி எடுத்துப் போனால் போதும், அங்கே போய் மறுபடி ஒட்டுக் கட்டிக்கொள்வேன் என்றான். "ஆனா பூத்திருக்கணும் அக்கா. பூவைப் பார்க்காம நான் குச்சி எடுக்க மாட்டேன்."

அது அவன் தொழில் முறை. ஒட்டுச் செடியில் சில சமயம் மேலே கட்டின கிளை சத்தமில்லாமல் செத்துப்போய், கீழே இருக்கிற நாட்டு வேரே துளிர்த்து மேலே வந்து நின்றுவிடும். இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூவைப் பார்த்தால்தான் தெரியும். வாலிபத்தில் ஒருமுறை பூவைப் பார்க்காமல் குச்சி எடுத்து, ஒரு வரிசை முழுக்கக் கட்டி, கடைசியில் எல்லாம் சாதாரணச் சிவப்பாகப் பூத்து, தலை குனிந்து நின்றிருக்கிறான். அன்றைக்குப் போட்ட வைராக்கியம்.

அவளுக்கு இரண்டு பக்கமும் இடி. அவரிடம் போய், நீங்கள் வெட்டுவதால்தான் பூக்கவில்லை, இனி வெட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த வார்த்தை எது? கத்தரியைத் தொடாதீங்க. மகன் வாயால் ஒருமுறை கேட்டவர். அதையே பெண்டாட்டி வாயாலும் கேட்க வேண்டுமா? சொல்லாமல் விட்டால், தம்பி வெறுங்கையோடு போவான். அவன் வாழ்நாளில் கண்ட ஒரே பூ அதோடு போயிற்று. தம்பியிடம் ரகசியமாய்ச் சொல்லலாம் என்றால் அவனுக்கு ஓட்டை வாய். சிரித்துக்கொண்டே மாமாவிடம் கேட்டுவிடுவான்.

முதலில் கத்தரியை ஒளித்து வைத்துப் பார்த்தாள். அவர் வீடு முழுக்கத் தேடினார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவளே, தலையணைக்கு அடியில் கிடக்கிறது பாருங்கள் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் செடிக்கு உடம்பு சரியில்லை, இலை வெளிறிக் கிடக்கிறது என்றாள். அவர் கவலையோடு வந்து பார்த்து, சவர பிரஷ்ஷால் கழுவி, முன்னைவிட அக்கறையாக வெட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த விடுமுறை நாள் காலையில், அவர் டிரம்முக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நரைத்து மெலிந்திருந்தாலும் இடுப்பைத் தொடுகிற முடி.

"அந்தத் துணியை அவுத்து என் மேல கட்டுங்க" என்றாள்.

"என்ன வேடிக்கை இது?"

"வேடிக்கை இல்ல. நாள் பூரா மிஷின் மேல குனிஞ்சு கழுத்து விட்டுப்போகுது. இந்தப் பாரத்தைக் கொஞ்சம் எறக்கி விடுங்க."

அவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஊரில் எத்தனையோ தலை பார்த்தவர். வீட்டில் இருந்த இந்தத் தலையில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. "பொம்பளைத் தலை நான் வெட்டினதில்லையே" என்றார்.

"அது தலைக்குத் தெரியவா போகுது?"

துணி டிரம்மிலிருந்து அவள் கழுத்துக்கு மாறியது. தண்ணீர் அடித்தார். சீப்பால் வாரினார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு இரண்டு விரல் அகலம், பழகிக்கொள்ள வேண்டாமா என்றாள். அவரும் நியாயம்தான் என்றார்.

அன்றுதான் அவள் அந்தக் கையின் நடுக்கத்தைக் கழுத்தில் அறிந்தாள். கத்தரி நுனி பிடரிக்குப் பின்னால் வந்து நிற்கும். ஆடும். அவர் அவசரப்பட மாட்டார். ஆடட்டும் என்று காத்திருப்பார். காற்று ஓய்ந்ததும் கதவு நிற்கிற மாதிரி கை ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் நறுக். மறுபடி ஆடும், மறுபடி காத்திருப்பார். முடிந்து அவள் எழுந்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. செடியைத் திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "இன்னைக்கு இது போதும்" என்று கத்தரியை உறையில் போட்டார்.

அதுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு நாளைக்கு ஒரு தலை.

வாரங்கள் போயின. அவள் முடி இடுப்பிலிருந்து ஏறியது, முதுகுக்கு வந்தது, தோளுக்கு வந்தது. சலவைக்கூடத்தில் கேட்டவர்களிடம் கழுத்து வலி என்றாள். ஒரு வாரம் நடுக்கம் ஓய்வதற்கு முன்னால் கத்தரி வாய் மூடிவிட்டது. காது மடலில் சுருக்கென்றது. அவள் அசையவில்லை. கை மட்டும் தானாகக் காதுக்குப் போயிற்று. அவர் என்ன என்று கேட்டதற்குக் கொசு என்றாள். போர்வைத் துணியை எப்போதும் அவள்தான் துவைப்பாள். அன்றைக்கு அவர் தானே எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போட்டார்.

செடியோ கேட்பாரில்லாத பிள்ளை மாதிரி வளர்ந்தது. உருண்டை போயிற்று, பக்கத்துக்கு ஒன்றாய்க் கிளை நீட்டிற்று. ஒரு மாலை எதிர்வீட்டுத் தபால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன கணக்கு? செடிக்கு முடி வளருது, வீட்டம்மாவுக்குக் குறையுது. யார் தலையை யாருக்கு வச்சிருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிராப்பும் சிரித்தார். அவள் மட்டும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, ஒரு கிளை நுனியில் இருந்த பச்சை மணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், சவரம் முடிந்த தாடையில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் அடுத்த நுனி. அப்புறம் இன்னொன்று. அவள் கதவோரம் நின்றாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மழை ஓய்ந்தது. தம்பி வந்தான். வந்த நாள் விடுமுறை நாளாக அமைந்தது. வாசலில் அக்காவின் தலையைப் பார்த்து, பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். பிடரி தெரியக் கத்தரித்த தலை. "என்னக்கா இது, என் ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்கே" என்றான். உனக்கு டீச்சரைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

செடியில் மொட்டுகள் இருந்தன. ஒன்று நன்றாகப் பருத்து, நுனியில் முறுக்கின துணி மாதிரி லேசாக நிறம் எட்டிப் பார்த்தது. தம்பி முழந்தாளிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடித்தண்டைத் தடவினான். ஒட்டுக் கட்டின தழும்பு பட்டைக்குள் மறைந்துபோயிருந்தது. எட்டிப் பார்க்கிற நிறத்தை நம்ப முடியாது, பிரித்துப் பார்த்தாலும் முழு நிறம் ஏறியிருக்காது, தானாக விரிய வேண்டும் என்றான். நாளைக் காலையில் விரியலாம், மறுநாளும் ஆகலாம். ஆனால் அவன் பஸ் விடிவதற்கு முன்னால். சாமான் லாரி அங்கே போய் நிற்கும், இறக்கிவைக்க ஆள் வேண்டும்.

"அப்ப இப்பவே குச்சி எடுத்துக்கோடா" என்றாள்.

அவன் மாட்டேன் என்று தலையசைத்தான். "பார்க்காம எடுத்தா, அங்க கட்டி, வளர்த்து, ஒரு வருஷம் கழிச்சு சிவப்பாப் பூத்துச்சுன்னு வை, அதுக்கப்புறம் எனக்குக் கத்தியைத் தொட மனசு வராதுக்கா." விட்டுவிடு, கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

கிராப்பு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்ததும் முக்காலியை வாசலில் போட்டார். "மாப்ள, தலை என்ன இது, குருவி கூடு கட்டுற மாதிரி? மகள் வீட்டுக்கு இப்படியா போய் நிப்ப? உக்காரு" என்றார்.

மாமா ரொம்ப நாள் கழித்துத் தன் தலைக்குக் கத்தரி எடுத்த சந்தோஷத்தில் தம்பியும் உட்கார்ந்தான். சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டான். வலது பக்கம் காது ஒதுக்கி, மேலே குறைத்து, பிடரியில் பாதி வரை மட்டம் பிடித்து, கிராப்பு அவருடைய நல்ல நாளில் வெட்டின மாதிரி வெட்டினார். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்தார்.

"மீதி காலைல பார்த்துக்கலாம்."

தம்பி கண்ணைத் திறந்தான். தடவிப் பார்த்தான். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காடு. "மாமா, விடியறதுக்கு முன்னாடி எனக்கு பஸ்."

"அப்ப இப்படியே போ."

எதிர்வீட்டுத் தபால்காரர் அதற்குள் வந்துவிட்டார். "இந்தப் பக்கம் பார்த்தா ஆபீசரு, அந்தப் பக்கம் பார்த்தா தலைமறைவு. பஸ்ல எந்தப் பக்கம் உக்காரப் போறீங்க?" என்றார். மகனுடைய கடைக்குப் போகலாம் என்றால் அன்றைக்கு ஊரில் எந்த முடிவெட்டுக் கடையும் திறந்திருக்காது. தம்பி துண்டை எடுத்துத் தலையில் கட்டிப் பார்த்தான். கண்ணாடியில் பார்த்தான். அவிழ்த்துவிட்டான். விளையாடாதீங்க மாமா, இன்னும் கொஞ்சந்தானே, முடித்து விடுங்கள் என்று கெஞ்சினான்.

கிராப்பு எல்லோரும் கேட்கச் சொன்னார்: "கை நடுங்குது மாப்ள. எனக்கு முன்ன மாதிரி இல்ல. இனி வெட்டினா காது போயிரும்."

உள்ளே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். கை நடுங்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் வாயில் வராத சொல் அது. மகனிடம் சொல்லவில்லை, அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரு வாசலில் வைத்துச் சொல்கிறார். கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அவர் கத்தரியைத் துடைத்து உறைக்குள் செருகிக்கொண்டிருந்தார். அத்தனை வாரம் அந்தக் கையைக் கழுத்தில் வாங்கினவள் அவள். அது எப்படி ஆடும், எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஆடவில்லை.

தம்பி மகளுக்குப் போன் போட்டான். அவள் புருஷனே ஆளை வைத்துச் சாமானை இறக்கிக்கொள்கிறேன் என்றுவிட்டார். என்ன காரணம் என்று மகள் கேட்டதற்கு மட்டும் இவன் சரியாகப் பதில் சொல்லவில்லை.

காலையில் அவள்தான் முதலில் கதவைத் திறந்தாள். வாசலில் ஏற்கெனவே தம்பி நின்றுகொண்டிருந்தான், பாதித் தலையோடு. அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அவளும் பார்த்தாள். விரித்த கையைவிடப் பெரிய பூ. தேநீர் நிறம், நடுவில் துருச் சிவப்பு, விளிம்பில் நூலைப் பிடித்து இழுத்துச் சுருக்கின மாதிரி சுருக்கு. ஊசியால் பிரித்துத் துணுக்காய்ப் பார்த்ததை அன்றைக்குத்தான் முழுசாய்ப் பார்த்தாள். பக்கத்தில் போய், சுருக்கின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"தையல் பிரியாது அக்கா" என்றான் தம்பி.

குச்சி எடுக்கக் கத்தி தேடினபோது கிராப்பு தம்முடைய பழைய சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக் கொண்டுவந்தார். தம்பி சரிவாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் கட்டினான். பேச்சோடு பேச்சாக, "இந்த வருஷம் நுனியில கை வைக்காம விட்டிருக்கீங்க மாமா, அதான் பூத்திருக்கு" என்றான். பூ ஓய்கிற காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள், அதுவும் நீங்களே வெட்டுங்கள், வேறு ஆளிடம் விடாதீர்கள் என்றும் சொன்னான். அவர் அப்படியா என்றார். அக்கா பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இடது பக்கம் வெட்டப்பட்டது. காத்திருந்து காத்திருந்து வெட்டினார். காது பிழைத்தது. தம்பி முழுத் தலையோடு மத்தியான பஸ் ஏறினான்.

பஸ் போன பிறகு இருவரும் வாசலில் இருந்தார்கள். செம்பருத்தி சாயங்காலத்தில் சுருளத் தொடங்கிவிடும்; அதற்குள் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நேத்து நெஜமாவே கை ஓஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு பக்கம்தான் ஓஞ்சுது" என்றார்.

அப்புறம் அவரே, "கொசுவாம், கொசு. பொய் சொல்லவாவது கத்துக்கிட்டிருக்கக் கூடாதா இத்தனை வருஷத்துல?" என்றார். அவள் காது மடலைத் தொட்டுக்கொண்டாள்.

அந்தப் பாதிக் கிராப்பு தெருவில் பல நாள் பேச்சாகக் கிடந்தது. பிறகு ஒரு நாள் பக்கத்துச் சந்தில் செருப்புத் தைக்கிற பெரியவர் வந்து, எனக்கும் இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி வெட்டுங்கள், எனக்கென்ன அவசரம், பேசிக்கொண்டிருக்கலாம் என்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டொருவர் வந்தார்கள். மகன் கடையிலிருந்து ஒரு பழைய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டான். அவர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் ஆடுகிறது, அட்டை வை என்றார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த சமாதானம்.

அவள் முடி மறுபடி வளர்ந்து தோளைத் தொட்ட சமயத்தில் தம்பி போன் செய்தான். கட்டின நாலில் மூன்று பிடித்துவிட்டது, ஒன்று மொட்டு வைத்திருக்கிறது என்றான். அவள் கேட்டதை அப்படியே அவருக்குச் சொன்னாள். அவர் வேலையை நிறுத்தி, போர்வைத் துணிக்குள் இருந்த பெரியவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, போனை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"மாப்ள, நுனியில கை வைக்காதே. வெட்டினா பூக்காது, பார்த்துக்கோ" என்றார்.

அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னானோ, இந்தப் பக்கம் அவள் சிரிப்பு வெளியே வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.